பிறப்பு விகிதத்தையும் வளர்ச்சியையும் சேர்த்துப் படிப்பது எப்படி?

ஒரு மாநிலத்தின் மக்கள்தொகையை வளர்ச்சியோடு ஒப்பிட விரும்புபவர், ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கையான மொத்தக் கருவள விகிதத்தை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும், ஒரு தலைமுறையின் இடத்தை அடுத்த தலைமுறை ஈடுசெய்யத் தேவையான அளவான 2.1-க்குக் கீழே அது இறங்கினாலும், இளைஞர்கள் மிகுந்திருக்கும் வரை மக்கள்தொகை கூடிக்கொண்டே போகும்.

2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்த விகிதம் தமிழ்நாட்டில் 1.8, பீகாரில் 3.0. இதை மட்டும் கண்டு, பணம் வந்தால்தான் பிறப்பு குறையும் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கேரளம் 1980-களின் இறுதியிலேயே, வருமானத்தில் பின்தங்கியிருந்த நிலையிலும், 2.1-ஐ எட்டியது, பெண்கல்வியும் குழந்தை இறப்பின் வீழ்ச்சியும் அங்கே முந்திக்கொண்டன. ஆகவே, வருமானத்தோடு இவ்விரண்டையும் கட்டாயம் வைத்துப் பாருங்கள்.

பின்னர் 15 முதல் 59 வயது வரை உள்ளோரின் பங்கைக் கணக்கிடுங்கள். பிறப்பு குறைந்தபின் அது சில பத்தாண்டுகள் உயரும். ஆனால் அவர்களுக்கு வேலை கிடைத்தால்தான் அந்த உயர்வு வருமானமாக மாறும்.