தங்கவயலைச் சுற்றுலாத்தலமாக்க நினைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூர் லாவெல் சாலையின் காபிக்கடைகளுக்குப் போய்வருகிறவர்களில் பலருக்கு, அந்தப் பெயருக்குரிய மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்டு லாவெல் என்ற முன்னாள் படைவீரர் 1870களில் மைசூர் அரசிடம் உரிமம் பெற்றுக் கோலார் மண்ணில் தங்கம் தேடியவர் என்பது தெரியாது. அவரைத் தொடர்ந்து 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் வந்தது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து தமிழ் பேசும் மக்கள், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள், ஆயிரக்கணக்கில் போய்ச் சேர்ந்து, தலைமுறை தலைமுறையாகப் பூமிக்கடியில் இறங்கினார்கள். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அந்தக் கோலார் தங்கவயலைப் பாரம்பரியச் சுற்றுலாவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று பெங்களூரில் உள்ள கல்லூரி மாணவர்களும் தமிழ் அமைப்பினரும் கட்டடக்கலை ஆர்வலர்களும் அவ்வப்போது திட்டம் போடுகிறார்கள். திட்டத்தின் முதல் படியாக ஊர்மக்களின் மனநிலையைக் கேட்டறியக் கிளம்புகிறார்கள். என் தாய்வழித் தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர் என்பதால், மொழி உதவிக்காக இப்படிப்பட்ட இரண்டு குழுக்களோடு நானும் போயிருக்கிறேன். அங்கே கண்ட தவறுகளில் சில நான் செய்தவை.

முதல் தவறு கேட்கும் நேரத்தில் இருக்கிறது. குழு பெங்களூரில் காலைச் சிற்றுண்டியை முடித்து, வேன் பிடித்து, பத்தரை மணிக்கு மாரிக்குப்பம் போய்ச் சேரும். அதற்குள் ஊரில் உழைக்கும் வயதினரில் பெரும்பகுதியினர் எதிர்த்திசையில் பெங்களூருக்கு வந்து சேர்ந்திருப்பார்கள். சுரங்கம் மூடிய பிறகு தங்கவயல் பிழைப்பதே அந்த விடிகாலை ரயில்களால்தான். மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் நிலையங்களில் இருட்டோடு ஏறி, பங்காருப்பேட்டை வழியாக வந்து, கடைகளிலும் கட்டட வேலைகளிலும் அலுவலகங்களிலும் உழைத்துவிட்டு இரவு வீடு திரும்புகிறவர்களின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் இருக்கும். சுற்றுலா வந்தால் வழிகாட்டியாகவோ உணவகம் நடத்துபவராகவோ மாறக்கூடியவர்கள் இவர்கள்தான். நாங்கள் பேசியதோ ஓய்வுபெற்ற முதியவர்களோடும் வீட்டிலிருந்த பெண்களோடும் மட்டுமே. அவர்களுடைய கருத்துக்கு மதிப்பில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதை மட்டும் தொகுத்து "தங்கவயல் மக்கள் கருதுவது" என்று தலைப்பிட்டால் பாதி ஊர் விடுபட்டுப்போகும். இரண்டாவது முறை போனபோது நாங்கள் வேனை விட்டுவிட்டு ரயிலில் ஏறினோம். இரண்டு மணி நேரத்துக்கும் மேலான அந்தப் பயணத்தில், உட்கார இடம் கிடைத்தவர்கள் கேள்விக்குப் பதில் சொன்னார்கள். நின்றுகொண்டு வந்தவர்கள் நாங்கள் கேட்காததையும் சேர்த்துச் சொன்னார்கள்.

அடுத்தது சொற்களால் வரும் தவறு. வினாத்தாள் முதலில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, கன்னடத்துக்கும் பின்னர் தமிழுக்கும் பெயர்க்கப்பட்டிருந்தது. "உங்கள் பகுதியின் தொழில்சார் பாரம்பரியத்தைச் சுற்றுலாவுக்காக மேம்படுத்துவதை நீங்கள் வரவேற்கிறீர்களா?" என்பது அதில் நான்காவது கேள்வி. மாரிக்குப்பத்துக்கு அருகே ஒரு லைன் வீட்டு (தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளை ஊரில் லைன் என்பார்கள்) வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஓர் அம்மாவிடம் அதை வாசித்துக் காட்டினேன். "பாரம்பரியம்னா கோயில் விஷயமா தம்பி?" என்று கேட்டார். சுற்றுலா என்ற சொல்லுக்கு அவர் கொண்ட பொருள் கம்மசந்திரத்தில் உள்ள கோடிலிங்கேசுவரர் கோயிலுக்கு வரும் கூட்டம், "அவங்க நம்ம லைன் பக்கம் எதுக்கு வராங்க?" என்றார். மாணவர் ஐந்து கட்டங்களில் நடுக்கட்டத்தை, அதாவது "கருத்து இல்லை" என்பதைக் குறித்துக்கொண்டார். கருத்தில்லாத அந்த அம்மா பிறகு எழுந்து உள்ளே போய், மறைந்த கணவரின் தலைக்கவசத்தையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்த சேவைச் சான்றிதழையும் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, ஏர் பிளாஸ்ட் நடந்த ஓர் இரவில் அலமாரியிலிருந்து பாத்திரங்கள் உருண்டு விழுந்ததையும், லைனிலிருந்த பெண்கள் எல்லோரும் சாப்டு (சுரங்கத்துக்குள் இறங்கும் செங்குத்துக் குழி) வாசலுக்கு ஓடியதையும், ஆட்களை ஏற்றியிறக்கும் கேஜ் ஒவ்வொரு முறை மேலே வந்தபோதும் யார் முகம் தெரிகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றதையும் அரைமணி நேரம் சொன்னார். ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் சிதறுவதைத்தான் ஊரில் ஏர் பிளாஸ்ட் என்பார்கள். அந்த அரைமணி நேரத்தை எழுத வினாத்தாளில் இடமில்லை. மறுமுறை கேள்வியை மாற்றினோம்: "மைன்ஸ் காலத்தைத் தெரிந்துகொள்ள வெளியூர்க்காரர்கள் உங்கள் லைனுக்கு வந்தால், எதைக் காட்டுவீர்கள், எதைக் காட்டமாட்டீர்கள்?" நடுக்கட்டப் பதில்கள் அதோடு நின்றுபோயின. காட்டமாட்டோம் என்று சொன்னவற்றில் முதலிடம் பொதுக் கழிப்பறைகளுக்கு.

"ஆம்" என்ற பதிலை ஒப்புதலாக எடுத்துக்கொள்வதும் தவறு. சுற்றுலாவை உள்ளூர்வாசிகள் எப்படி எடைபோடுகிறார்கள் என்பதற்குக் கல்விப்புலத்தில் அதிகம் கையாளப்படும் சட்டகம் கொடுக்கல்-வாங்கல் கோட்பாடு. ஜான் ஆப் என்ற ஆய்வாளர் 1992இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு அது பரவியது. கிடைக்கும் நன்மை இழப்பைவிட அதிகம் என்று தோன்றினால் மக்கள் ஆதரிப்பார்கள் என்பது அதன் சாரம். 1975இல் டாக்ஸி (Doxey) என்ற ஆய்வாளர் முன்வைத்த இன்னொரு படிநிலை விளக்கம், ஊரார் முதலில் மகிழ்ச்சியோடு வரவேற்று, பிறகு பொருட்படுத்தாமல் விட்டு, அதன் பின் எரிச்சலடைந்து, இறுதியில் எதிர்ப்பார்கள் என்கிறது. இரண்டுமே பயனுள்ளவை, ஆனால் கணக்கு இன்று தொடங்குகிறது என்ற அனுமானம் இரண்டிலும் இருக்கிறது. தங்கவயலில் கணக்கு ஏற்கெனவே நிலுவையில் நிற்கிறது. மூடியபோது வரவேண்டிய பணம் முழுதாக வந்ததா, குடியிருக்கும் வீட்டுக்குப் பத்திரம் கிடைக்குமா, சுரங்கத்தை மறுபடி திறப்பார்களா என்ற மூன்று கேள்விகளுக்குப் பதில் தேடிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் சுற்றுலா வேண்டுமா என்று கேட்டால், கோப்போடு வந்திருக்கும் யாரையும் அரசாங்க ஆளாக எண்ணி அவர் "வரட்டும் சார், நல்லதுதான்" என்பார். அது வேலைக்குப் போடும் விண்ணப்பம். 2024 ஜூனில், 13 சயனைடு மேடுகளிலிருந்து, அதாவது தங்கம் பிரித்த பிறகு கொட்டிய கழிவுக் குவியல்களிலிருந்து, எஞ்சிய தங்கத்தைப் பிரித்தெடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை இசைவளித்த செய்தி வந்த பிறகு, எந்தக் கேள்வி கேட்டாலும் பதில் அந்த மேடுகளில்தான் போய் முடிகிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இனி, எந்தக் கதையைச் சொல்வது என்பதில் நிகழும் தவறு. என் பார்வையில் இதுதான் பெரிது. வருகிறவர்களுக்குச் சொல்லப்படும் புகழ்வரிசை ஏறத்தாழ ஒன்றே: உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று, 3 கிலோமீட்டருக்கும் மேல், சிவசமுத்திரத்தின் நீர்மின்சாரம் 1902இல் இங்கே வந்தது, பெங்களூருக்கே 1905இல்தான் விளக்கு எரிந்தது, 1965இல் வளிமண்டல நியூட்ரினோக்கள் என்ற நுண்துகள்களின் தடம் இந்த ஆழத்தில் பதிவானது, வெள்ளையர் இதைக் குட்டி இங்கிலாந்து என்று அழைத்தார்கள். எல்லாம் உண்மை. ஆனால் இதைக் கேட்டுக்கொண்டு நிற்கும் ஊர்க்காரருக்கு, தன் தாத்தா அந்தக் கதையில் எந்த இடத்தில் வருகிறார் என்று தெரியாது. குட்டி இங்கிலாந்தின் பங்களாக்களிலிருந்து கூப்பிடு தூரத்தில் மூங்கில் தட்டிகளால் ஆன கூலி லைன்கள் இருந்தன. 1930இல் கைரேகைப் பதிவைத் தொழிலாளர்கள் எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். 1946 நவம்பரில் துப்பாக்கிச்சூட்டில் ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். அயோத்திதாசப் பண்டிதரின் தமிழ்ப் பௌத்த இயக்கம் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் வேரூன்றியது. அவருடைய எழுத்துகளைப் பதிப்பித்த சித்தார்த்தா புத்தகசாலை தங்கவயலில் இருந்ததுதான். சென்னையில் மறந்தவற்றைச் சுரங்கத் தொழிலாளர்களின் ஊர் அச்சில் காப்பாற்றியது என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கும் செய்தி, அதை ஒரு சுற்றுலாத் துண்டறிக்கையிலும் நான் பார்த்ததில்லை.

தொழில்துறைப் பாரம்பரியம் என்றால் இயந்திரமும் புகைபோக்கியும் என்ற எண்ணமே இதற்குக் காரணம். இத்துறைக்கான பன்னாட்டு அமைப்பு 2003இல் ரஷ்யாவின் நிஷ்னி தாகில் நகரில் ஏற்றுக்கொண்ட சாசனம், தொழிலோடு தொடர்புடைய குடியிருப்பு, வழிபாடு, கல்வி ஆகியவை நடந்த இடங்களையும் இந்த வரையறைக்குள் சேர்க்கிறது. அதன்படி லைன் வீடும் மாதா கோயிலும் பௌத்த சங்கமும் உரிகத்தின் சாப்டு கோபுரத்துக்கு இணையானவை. உழைத்த சிறுபான்மையினரை விட்டுவிட்டுக் கட்டடத்தை மட்டும் கொண்டாடினால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானின் ஹஷிமா நிலக்கரித் தீவு சான்று. 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த தொகுதியில் அதுவும் ஒன்று. அங்கே கட்டாயமாக உழைக்க வைக்கப்பட்ட கொரியர்களின் கதையைச் சொல்வதாகத் தந்த வாக்கு சரிவர நிறைவேறவில்லை என்று 2021இல் உலகப் பாரம்பரியக் குழுவே வருத்தம் தெரிவிக்க வேண்டியிருந்தது.

சிறுபான்மை என்ற சொல்லையும் கவனமாகக் கையாள வேண்டும். பெங்களூர்த் தமிழ் அமைப்பினர் சிலர் தங்கவயலைத் "தமிழர் பூமி" என்று மேடையில் முழங்கிவிட்டு மாலையில் ஊர் திரும்பிவிடுவார்கள். அதன் பின்விளைவை அங்கேயே இருப்பவர்கள் சுமக்க வேண்டும். பெங்களூர் அல்சூரில் திருவள்ளுவர் சிலை கன்னட அமைப்புகளின் எதிர்ப்பால் 18 ஆண்டுகள் மூடிக் கிடந்து 2009இல்தான் திறக்கப்பட்டது என்பதை நினைவில் வைத்திருக்கும் தலைமுறை அது. தெலுங்கரும் கன்னடரும் உருது பேசுவோரும் ஆங்கிலோ-இந்தியரும் சேர்ந்து வளர்த்த ஊர் என்பதோடு, தமிழர்களுக்குள்ளேயே பாறையை உடைத்தவரின் நினைவும் மேலே கணக்கெழுதியவரின் நினைவும் வேறு. ராபர்ட்சன்பேட்டைக் கடைக்காரர் சுற்றுலாவை விரும்புவதற்கும் லைன் வீட்டுக்காரர் விரும்புவதற்கும் காரணங்கள் ஒன்றாகா. இவற்றைக் கலந்து சராசரி எடுத்தால் யாருடைய கருத்தும் அதில் இருக்காது.

சயனைடு மேடுகளைப் படப்பிடிப்புப் பின்னணியாகக் காட்டி ஆள் சேர்ப்பது எளிது. ஊரின் பெயரையே தலைப்பாகக் கொண்ட கன்னடப் படம் 2018இல் வந்த பிறகு அது இன்னும் எளிது. காற்றடிக்கும் மாதங்களில் அந்த வெண்புழுதி சோற்றுத்தட்டு வரை வந்து விழும் வீட்டாரிடம் அந்த மேட்டின் அழகைப் பற்றிக் கேட்காதீர்கள். சுரங்கத்துக்குள் அழைத்துப் போவதாகவும் வாக்குக் கொடுக்க வேண்டாம். நீர் இறைப்பது நின்றதால் கீழ்த்தளங்கள் மூழ்கிவிட்டன.

பணம் யாருக்குப் போகிறது என்பதைக் கடைசி அத்தியாயத்துக்கு ஒதுக்குகிறார்கள். பெங்களூர்-சென்னை விரைவுச்சாலையில் ஓசக்கோட்டையிலிருந்து பேத்தமங்கலம் வரையிலான பகுதி திறந்த பிறகு, பெங்களூரிலிருந்து காரில் வருகிறவர் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். அப்படி வந்துபோகிறவர் ஊருக்கு விட்டுச் செல்வது டயர்ப் புழுதியைத்தான். வழிகாட்டிக் கட்டணம் எவ்வளவு, அதை வாங்குபவர் யார், லைன் வீட்டில் சமைத்த சாப்பாட்டுக்கு விலை வைப்பவர் யார், பழைய குடியிருப்பைப் புதுப்பித்தால் அதில் இருப்பவர் தொடர்ந்து இருப்பாரா என்பவை முதல் சந்திப்பிலேயே பேசப்பட வேண்டியவை. முடிவெடுத்த பிறகு கூட்டம் போட்டுத் தெரிவிப்பதைப் பங்கேற்பு என்று சொல்லக்கூடாது என்பதை 1969இலேயே ஷெரி ஆர்ன்ஸ்டீன் என்ற ஆய்வாளர், மக்கள் பங்கேற்பைப் படிகளாக அடுக்கிய தம் ஏணி விளக்கத்தில் காட்டிவிட்டார். பத்திரமில்லாத வீட்டில் இருப்பவருக்கு "பாரம்பரியக் கட்டடம்" என்ற பட்டம் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸாகவே காதில் விழும். அந்த அச்சத்தை நீக்கும் எழுத்துப்பூர்வமான உறுதி கையில் இல்லாமல் கதவைத் தட்டுவதில் பயனில்லை.

எங்கள் முதல் குழு பெங்களூர் திரும்பி அறிக்கை எழுதி, மதிப்பெண் வாங்கி, அதோடு மறந்துவிட்டது. மறுமுறை போனபோது அந்த லைன் வீட்டு அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டு, "போன தடவை எழுதிட்டுப் போனீங்களே, அதுல என் பேரு இருக்கா?" என்று கேட்டார். ஆய்வு நெறிப்படி பெயரை எழுதவில்லை என்று விளக்கினேன். "அப்ப நான் சொன்னதாவது இருக்கா?" என்றார். அதன் பிறகு முடிவுகளை எளிய தமிழிலும் கன்னடத்திலும் இரண்டு பக்கங்களாக அச்சிட்டு, லைன் வாசல்களில் வாசித்துக் காட்டிவிட்டு, திருத்தச் சொன்ன இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டு வந்தோம்; தலைக்கவசத்தின் கதை இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது.