பழைய ஜப்பானிய ஆர்.பி.ஜி. விளையாட்டைப் பாதியில் கைவிடாமல் முடிப்பது எப்படி

ஜப்பானில் 1986 மே மாதம் நின்டெண்டோவின் ஃபேமிகாம் என்ற வீட்டு விளையாட்டுக் கருவிக்கு வெளியான டிராகன் குவெஸ்டும், மறு ஆண்டு டிசம்பரில் வெளியான ஃபைனல் ஃபேண்டஸியும் இன்று கைபேசியிலேயே விலைக்குக் கிடைக்கின்றன. ஒரு பாத்திரத்தை ஏற்று, சண்டையிட்டு வலிமை சேர்த்துக் கதையை முடிக்கும் ஆர்.பி.ஜி. வகை விளையாட்டுகள் இவை. பெயரைக் கேள்விப்பட்டு ஆசையோடு வாங்குகிறவர்களில் பலர் இரண்டாவது குகையைத் தாண்டுவதற்குள் அலுத்துப்போய் நிறுத்திவிடுகிறார்கள். நாலடி நடந்தால் ஒரு சண்டை வருகிறது; அடுத்து எங்கே போக வேண்டுமென்று யாரும் நேராகச் சொல்வதில்லை; ஒரு மணி நேரம் பாடுபட்டுச் சேர்த்ததெல்லாம் ஒரே தோல்வியில் போய்விடுகிறது. புகார்கள் அனைத்தும் நியாயமானவையே. ஆனால் அவற்றில் பாதி, அக்காலக் கருவியின் குறுகிய நினைவகத்தாலும் நிரல் பிழைகளாலும் வந்த தொல்லைகள். மீதிப் பாதியோ, எடுத்துவிட்டால் விளையாட்டில் ஒன்றுமே மிஞ்சாது என்னும் அளவுக்கு அதன் உயிரோடு கலந்தவை. முதல் பாதியைக் கூச்சமின்றி நீக்கிவிட வேண்டும். மறு பாதியைச் சமாளிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். இவ்விரு விளையாட்டுகளை முன்வைத்து அந்த வழிமுறையை இங்கே எழுதுகிறேன்.

எந்தப் பதிப்பை விளையாடுவது என்பதுதான் முதல் முடிவு. டிராகன் குவெஸ்டின் ஜப்பானிய மூலப் பதிப்பில் எதிரே நிற்பவரிடம் பேசுவதற்குக்கூடக் கட்டளைப் பட்டியலைத் திறந்து, பேசும் கட்டளையைத் தேர்ந்து, பிறகு வடக்கா தெற்கா கிழக்கா மேற்கா என்று திசையையும் சொல்லியாக வேண்டும். நாயகனின் உருவம் எந்நேரமும் நம்மைப் பார்த்தபடியே நிற்பதால் அவன் யாரைப் பார்த்திருக்கிறான் என்று காட்ட வேறு வழியில்லை. படிக்கட்டின் மேல் நின்றாலும் அதற்கென உள்ள கட்டளையைக் கொடுத்தால்தான் இறங்குவான். விளையாட்டு பதிந்திருக்கும் கார்ட்ரிட்ஜில் சேமிப்பு வசதி இல்லாததால், அரசர் சொல்லும் 20 ஜப்பானிய எழுத்துகளைத் தாளில் எழுதிவைத்து மறுநாள் பிழையின்றி உள்ளிட வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் முந்தைய நாள் உழைப்பு போயிற்று. ஃபைனல் ஃபேண்டஸியின் மூலப் பதிப்பில் கடைக்காரர் மருந்தை ஒவ்வொன்றாகத்தான் விற்பார். அதில் மந்திரவாதியின் அறிவுத்திறன் எண் எவ்வளவு ஏறினாலும் மந்திரத்தின் வலிமை ஏறாது. நிரலில் நேர்ந்த பிழை அது. இவற்றையெல்லாம் அனுபவித்துத்தான் தீர வேண்டுமென்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். டிராகன் குவெஸ்டுக்குக் கைபேசிப் பதிப்பையும், ஃபைனல் ஃபேண்டஸிக்கு 2021-இல் வந்த பிக்சல் ரீமாஸ்டர் பதிப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிக்சல் ரீமாஸ்டர் 2023-இல் கேம் கன்சோல்களுக்கு வந்தபோது, வழியில் எதிரிகளே வராமல் நிறுத்தும் வசதியும், சண்டையில் வென்றால் சேரும் அனுபவப் புள்ளிகளை 4 மடங்கு வரை பெருக்கும் வசதியும் சேர்ந்தன. சண்டையைத் தானாகவும் வேகமாகவும் நடத்தும் பொத்தானைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். அனுபவப் புள்ளியை 2 மடங்காக்கினால்கூடப் பெரிய கெடுதல் இல்லை. எதிரிகளை நிறுத்தும் பொத்தானை மட்டும் முதல் ஆட்டத்தில் தொட வேண்டாம். எதிரிகள் இல்லாத குகை வெறும் நடைபாதை. அதில் எடுத்த புதையலுக்கும் மதிப்பில்லை. டிராகன் குவெஸ்டுக்கு 2025 அக்டோபரில் வெளியான புதிய பதிப்பு மிக அழகானதுதான், என்றாலும் ஒரே நேரத்தில் பல எதிரிகள் தாக்கும்படி சண்டைமுறையே மாற்றப்பட்டிருப்பதால் அதைத் தனி விளையாட்டாகவே கருத வேண்டும். கீழே வரும் டிராகன் குவெஸ்ட் எண்களும் பெயர்களும் 1989-இல் அமெரிக்காவில் வெளியான பதிப்பின்படி அமைந்தவை.

டிராகன் குவெஸ்டைத் தொடங்கியதும் அரசர் உங்களுக்கு 120 பொற்காசுகள் தருகிறார். அருகிலுள்ள பிரெக்கனரி என்ற ஊரின் கடையில் தடி 60 காசு, தோல் கவசம் 70 காசு. இரண்டையும் சேர்த்தால் 130. கையிலிருப்பதற்குச் சரியாக 10 காசு அதிகம். செம்பு வாளோ 180 காசு, அதை இப்போதைக்குப் பார்க்கத்தான் முடியும். இந்த ஒரு கடையிலேயே விளையாட்டு தன் குணத்தைக் காட்டிவிடுகிறது: எதை எடுத்து எதை விடுவது என்ற கணக்கில்தான் நாள் முழுவதும் கழியப்போகிறது. தடி, 20 காசுக்குத் துணிச்சட்டை, 24 காசுக்கு ஒரு மூலிகை என வாங்கினால் 104 காசு ஆகும். மீதமுள்ள 16 காசில் 6 காசு விடுதியில் இரண்டு முறை தங்கிக்கொள்ளலாம். என் கணக்கில் இதுவே பத்திரமான தொடக்கம். இரண்டாம் லெவலுக்கு, அதாவது அடுத்த வலிமைப் படிக்கு, 7 அனுபவப் புள்ளிகளே போதும் என்பதால், கோட்டையின் கண்பார்வையை விட்டு அகலாமல் ஸ்லைம் என்ற எளிய எதிரிகளை அடித்துக்கொண்டிருங்கள். மூன்றாம் லெவலில் காயம் ஆற்றும் மந்திரம் வந்த பிறகு சற்றுத் தள்ளிப் போகலாம். இந்த உலகில் வேலியோ பூட்டிய வாயிலோ உங்களைத் தடுப்பதில்லை, பாலங்கள்தான் எல்லை. பாலத்தைக் கடந்ததும் எதிரிகளின் வலிமை கூடுகிறது. புதிய பாலத்தைக் கடந்து இரண்டு சண்டை போட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவது நல்ல பழக்கம்.

சாவுக்கு என்ன விலை என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். விளையாட்டுக்கு விளையாட்டு இது மாறும். டிராகன் குவெஸ்டில் இறந்தால் அரசர் முன்னால் உயிரோடு எழுப்பப்படுவீர்கள். கையிலிருந்த காசில் பாதி போகும், ஆனால் சேர்த்த அனுபவப் புள்ளிகளும் பொருள்களும் அப்படியே இருக்கும். ஆகவே ஆபத்தான இடத்துக்குப் புறப்படும் முன் காசைச் செலவழித்துவிடுவதே புத்திசாலித்தனம். பழைய ஃபைனல் ஃபேண்டஸியில் உங்கள் குழுவின் நால்வரும் விழுந்தால் கடைசியாகச் சேமித்த இடத்துக்குப் பின் நடந்த எதுவும் மிஞ்சாது. முன்னதில் துணிந்து போகலாம், பின்னதில் பயந்து போக வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் இரண்டையும் ஒரே மாதிரி விளையாடுவதாலேயே பாதிக் கோபம் வருகிறது.

ஒரு நோட்டுப் புத்தகத்தை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். இக்கால விளையாட்டுகள் செய்ய வேண்டிய பணிகளைத் தாமே பட்டியலிட்டு வரைபடத்தில் அம்புக்குறியும் காட்டுகின்றன. பழையவற்றில் அந்த வேலை உங்களுடையது. டிராகன் குவெஸ்டில் கான்ட்லின் என்ற தெற்கத்திய ஊரில் ஒருவர், நீங்கள் புறப்பட்ட அரசரின் டான்டிகல் கோட்டையிலிருந்து தெற்கே 70 லீக் (தொலைவு அளவு), கிழக்கே 40 லீக் போகச் சொல்வார். அதைக் கேட்டு வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அங்கே யாரும் விளக்குவதில்லை. பல மணி நேரத்துக்கு முன்னால் சதுப்புக் குகையில் டிராகனின் காவலிலிருந்து மீட்ட இளவரசி உங்களுக்கு ஒரு பொருள் தந்திருப்பாள். அதைப் பயன்படுத்தினால், கோட்டையிலிருந்து நீங்கள் எந்தத் திசையில் எவ்வளவு தொலைவில் நிற்கிறீர்கள் என்று சொல்லும். இரண்டையும் நீங்களே இணைத்து, நச்சுச் சதுப்பில் ஒவ்வோர் அடியாக நகர்ந்து, எண் பொருந்தும் கட்டத்தில் நின்று தேடும் கட்டளையைக் கொடுக்கும்போது எர்ட்ரிக் என்ற பழங்கால வீரரின் சின்னம் கைக்கு வருகிறது. அந்தக் கட்டத்தில் வெளிப்பார்வைக்கு எந்த அடையாளமும் இல்லை. அம்புக்குறி காட்டும் எந்த விளையாட்டும் தராத மகிழ்ச்சி இது. அதைப் பெற வேண்டுமானால் ஊருக்குள் நுழைந்ததும் எல்லோரிடமும் பேசி, எண், திசை, ஊர்ப்பெயர், ஆள்பெயர் ஆகியவற்றை மட்டுமாவது குறித்துவைக்க வேண்டும். மற்ற பேச்சு பெரும்பாலும் அரட்டைதான், விட்டுவிடலாம்.

குகைப் பயணம்தான் இவ்வகை விளையாட்டுகளின் உயிர்நாடி. ஃபைனல் ஃபேண்டஸியில் எல்ஃப்களின் ஊருக்குத் தென்மேற்கே உள்ள சதுப்புக் குகையில் ஒரு கிரீடத்தை எடுத்து வர வேண்டும். பலர் நிறுத்திவிடும் இடம் இதுவே. ஊரிலிருந்து குகைவாய்க்கே தொலைவு அதிகம். உள்ளே நஞ்சூட்டும் எதிரிகள் நிறைய. நஞ்சேறியவர் நடக்கும் ஒவ்வோர் அடிக்கும் உயிர்ப்புள்ளி குறையும். மந்திரங்களோ எட்டு படிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு படிக்கும் இத்தனை முறைதான் என்று எண்ணிக் கொடுக்கப்பட்டவை. மூலப் பதிப்பில் குகைக்குள் சேமிக்க முடியாது. கிரீடத்தைக் காவலர்களிடமிருந்து எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் வழக்கமான தவறு. வெளியே ஒரே தாவலில் கொண்டுபோகும் மந்திரம் அந்தக் கட்டத்தில் உங்களிடம் இருக்காது, ஆகவே வந்த வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டே திரும்பி நடக்க வேண்டும்.

இதற்கு வழி, ஒரே பயணத்தில் முடித்துவிட நினைக்காமல் இருப்பதுதான். முதல் பயணம் வழி தெரிந்துகொள்ள மட்டும்: எந்தப் படிக்கட்டு எங்கே இறங்குகிறது, எந்த அறை வெற்றறை என்று குறித்துக்கொண்டு, மருந்தும் மந்திரமும் பாதியாகும்போது ஈவிரக்கமின்றித் திரும்பிவிடுங்கள். இன்னும் ஒரே ஓர் அறை என்று தோன்றும். அந்தத் தோன்றலுக்கு ஒருபோதும் இடம்கொடாதீர்கள். இரண்டாம் பயணத்துக்குக் கட்டுச்சோறு மூட்டை கட்டுவதுபோல் மருந்துகளையும் நஞ்சுமுறிவையும் எண்ணிக் கட்டிக்கொண்டு, தேவையற்ற அறைகளை ஒதுக்கி நேரே போங்கள். சிறு எதிரிகளை வாளால் மட்டும் வெட்டி, மந்திரங்களைக் கிரீடத்தின் காவலர்களுக்கும் திரும்பும் வழிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஓடித் தப்பிப்பதில் இழுக்கு ஏதுமில்லை; வெற்றி தரும் காசைவிட அதற்குச் செலவாகும் மருந்து விலையுயர்ந்தது என்று தெரிந்த கணமே ஓடிவிடலாம். இப்படி எண்ணியெண்ணி நடந்து, கடைசி மருந்தும் தீர்ந்த நிலையில் குகைவாய் வெளிச்சத்துக்கு வந்து சேர்கையில் ஏற்படும் நிம்மதியை, எங்கு வேண்டுமானாலும் சேமித்துக்கொள்பவர் அறியமாட்டார். நான் பரிந்துரைத்த பிக்சல் ரீமாஸ்டரில் அந்த வசதி உண்டு. வேலை நெருக்கடியில் ஆட்டத்தை நிறுத்துவதற்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள், தோற்ற சண்டையை அழித்து எழுதுவதற்கு வேண்டாம்.

சண்டையில் கவனிக்க வேண்டியது குறி பிரிப்பது. ஃபைனல் ஃபேண்டஸியின் மூலப் பதிப்பில் நால்வருக்கும் முன்கூட்டியே கட்டளை கொடுத்துவிட வேண்டும். மூவரை ஒரே கோப்ளின் மீது ஏவினால், முதல் அடியிலேயே அது சாய்ந்துவிட, மற்ற இருவரும் வெற்றிடத்தை வெட்டிவிட்டு நிற்பார்கள். கோப்ளினுக்கு 8 உயிர்ப்புள்ளிதான், ஓர் ஆளே போதும். யார் அடித்தால் யார் சாவார் என்று மதிப்பிட்டுக் குறியைப் பிரித்துக் கொடுக்கும் இந்தப் பழக்கத்தைப் புதிய பதிப்பு தானே அடுத்த எதிரிக்கு அடியைத் திருப்பிவிட்டு இல்லாமலாக்கிவிட்டது. பெரும்பாலோர் இதைச் சீர்திருத்தம் என்பார்கள். எனக்கு அது பிடித்த தொல்லை, போனதில் சற்று வருத்தமே. புதியவர்கள் ஆறு வகையினரில் போர்வீரன், மல்லன், வெள்ளை மந்திரவாதி, கருப்பு மந்திரவாதி என நால்வரைத் தேர்ந்தால் ஆட்டம் முழுவதும் சிக்கலின்றிப் போகும்.

லெவல் ஏற்றுவதற்காக ஒரே இடத்தில் சுற்றிச்சுற்றிச் சண்டை போடுவதை விளையாடுபவர்கள் கிரைண்டிங் என்கிறார்கள். இதைத் தவிர்க்க முடியாது, ஆனால் அளவு வைக்கலாம். ஐந்து லெவல் ஏற வேண்டும் என்று உட்காராமல், இந்த வாளை வாங்கும்வரை, இந்த மந்திரம் வரும்வரை என்று ஒரு பொருளைக் குறியாக வையுங்கள். டிராகன் குவெஸ்டில் வலிய காயம் ஆற்றும் ஹீல்மோர் 17-ஆம் லெவலில் வருகிறது. அது ஒரு நல்ல குறி. இவ்வளவுக்கும் பொறுமை இல்லாதவர் 1995-இல் வெளியான குரோனோ ட்ரிகரிலிருந்து தொடங்கலாம். அதில் எதிரிகள் கண்ணுக்குத் தெரியும்படி நிற்பார்கள், பலரைச் சுற்றிப் போய்விடவும் முடியும்.

வழிகாட்டிக் குறிப்புகளைப் பார்ப்பது பற்றி: நோட்டில் உள்ள எல்லாக் குறிப்புகளையும் முயன்று பார்த்து, எல்லா ஊரிலும் மறுபடி பேசிய பிறகும் வழி தெரியாவிட்டால் பார்த்துவிடுங்கள். மொழிபெயர்ப்பில் குறிப்பு மழுங்கிப்போயிருக்கவும் கூடும். பிந்தைய விளையாட்டுகள் சிலவற்றில் நேர்மையற்ற மறைப்புகளும் உண்டு. 2006-இல் வந்த ஃபைனல் ஃபேண்டஸி 12-இல் குறிப்பிட்ட நான்கு பெட்டிகளில் எதையாவது திறந்துவிட்டால், மிக வலிமையான ஓர் ஈட்டி இருக்கும் பெட்டி பின்னால் கிடைக்காது; எந்த நான்கு என்று விளையாட்டு சொல்லவே சொல்லாது. அத்தகைய பொருளைத் தவறவிட்டதற்காக ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்காதீர்கள், அது இல்லாமலும் கதை முடியும்.

ஒலியை அணைத்துவிட்டு விளையாடாதீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். டிராகன் குவெஸ்டில் கோயிச்சி சுகியாமா அமைத்த குகை இசை, நீங்கள் ஒவ்வொரு தளமாக இறங்க இறங்கத் தாழ்ந்து மெதுவாகிக்கொண்டே போகும். எத்தனை தளம் கீழே இருக்கிறோம் என்பதைக் காதே சொல்லிவிடும்.

டிராகன் குவெஸ்டின் இறுதிக் கட்டத்துக்கு வருவோம். கடைசி எதிரியான டிராகன்லார்டின் கோட்டை முதல் நாளிலேயே தண்ணீருக்கு அக்கரையில் தெரியும். அங்கே போகும் பாலத்தை உருவாக்குவதற்குள் 20-ஆம் லெவலை எட்டியிருப்பது நல்லது. மூலிகை 6-க்கு மேல் சுமக்க முடியாது, ஆறையும் வாங்கிக்கொண்டு அரசரிடம் சேமித்துவிட்டுப் புறப்படுங்கள். கோட்டையின் அடித்தளங்களில் எர்ட்ரிக்கின் வாள் ஒரு பெட்டியில் இருக்கிறது, அதை எடுக்காமல் இறங்க வேண்டாம். டிராகன்லார்ட் உலகில் பாதியைத் தருகிறேன் என்பான். ஆம் என்று பதில் சொன்னால் ஆட்டம் அங்கேயே உறைந்து நின்றுவிடும். மறுத்தால் சண்டை தொடங்கும். முதல் உருவம் வீழ்ந்ததும் இடைவெளியின்றி டிராகனாக மாறுவான் என்பதால் மந்திரப்புள்ளிகளை ஹீல்மோருக்கென்றே மிச்சம் வையுங்கள். தாக்கும் மந்திரங்கள் டிராகனிடம் பெரும்பாலும் பலிக்காது, வாளையே நம்புங்கள். வென்ற பின் உலகில் எதிரிகள் யாரும் வருவதில்லை. டான்டிகல் கோட்டைக்குத் திரும்பி அரசரைக் கண்டவுடன் ஆட்டம் முடிந்துவிடும். ஆகவே அதற்கு முன்பே மற்ற ஊர்களுக்கு நடந்து போய், அங்குள்ளவர்கள் இப்போது என்ன பேசுகிறார்கள் என்று கேட்டுவிடுங்கள்.