ஆய்வகச் சவ்வைச் சாயப்பட்டறைக்குக் கொண்டுபோக

லேபில் தண்ணீரை வடிகட்டும் சவ்வு ஒன்றைச் செய்து, அதைச் சாயப்பட்டறைக் கழிவுநீருக்குக் கொண்டுபோக நினைக்கிறீர்களா? முதலில் பேட்டன்ட். பேப்பரைப் பத்திரிகைக்கு அனுப்பத் துடிக்கும் கையைக் கட்டிப்போடுங்கள். நம் நாட்டில் முதலில் தற்காலிக விண்ணப்பம் போட்டுவிட்டால், முழு விவரத்தைத் தாக்கல் செய்ய 12 மாதம் கிடைக்கும். வெளியிட்ட பிறகு ஓடினால் பெரும்பாலும் வண்டி போயிருக்கும்.

அடுத்ததுதான் என்னை இரண்டு வருஷம் உலுக்கியது: அளவு. லேபில் உள்ளங்கை அகலத்தில் சவ்வு செய்து, உப்புத்தண்ணீரில் சோதித்து, 'பிரமாதம்' என்று குதித்தோம். திருப்பூரில் ஒரு பட்டறையில் இருந்தது 8 அங்குல விட்டம், 40 அங்குல நீளக் குழாய். சவ்வைச் சுருட்டித்தான் அதற்குள் வைப்பார்கள். அந்த அளவுச் சுருள் ஒன்றுக்குச் சுமார் 37 சதுர மீட்டர் சவ்வு வேண்டும். சவ்வின் மேல் நாங்கள் போட்ட பூச்சு ஒரு மீட்டர் தாண்டியதும் திட்டுத்திட்டாக வந்தது. ஆகவே ஏற்கெனவே இருக்கும் குழாய்க்குள் நுழைகிற மாதிரியே செய்யுங்கள். புது இயந்திரம் வாங்கச் சொன்னால் முதலாளி டீ கொடுத்து அனுப்பிவிடுவார்.

அப்புறம், சோதனைக்கு உண்மையான சாயக்கழிவையே கேளுங்கள். 2011இல் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னதிலிருந்து கழிவுநீர் அங்கே வாழ்வா சாவா விஷயம். கேன் கேனாகக் கொடுப்பார்கள். ஆனால் பிளான்ட் ஆபரேட்டரிடம் ஒரு கேள்வி மறக்காதீர்கள்: "அண்ணே, சவ்வை எதை வைத்துக் கழுவுகிறீர்கள்?" எங்களுக்கு வந்த பதில் காஸ்டிக் சோடா. மூன்றாவது கழுவலிலேயே எங்கள் பூச்சு உரிந்து, வாளியில் கருப்பாகப் பாலாடை போல மிதந்தது.

விலையைக் கடைசியில் பேசுங்கள். கிலோவுக்கோ மீட்டருக்கோ வேண்டாம். சுத்தமாகும் ஆயிரம் லிட்டருக்கு எவ்வளவு என்று சொல்லுங்கள்.