அம்பத்தூர் எஸ்டேட்டை ஃபிலிமில் எடுப்பது எப்படி?

ஃபிலிம் கேமரா கைக்கு வந்ததும் பலரும் மெரினாவுக்கோ மகாபலிபுரத்துக்கோ கிளம்புகிறார்கள். முதல் ரோலை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் போடுங்கள் என்பேன். 1960-களில் உருவான பேட்டை. லேத் பட்டறை, உதிரிபாகக் கம்பெனி என்று தெருவுக்குத் தெரு வேலை நடக்கிறது. பழைய கட்டடங்கள் போய் கண்ணாடி அலுவலகங்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. மிச்சம் இருப்பதை இப்போதே எடுத்து வைக்க வேண்டும்.

1. கேமரா

தொடங்குபவர்களுக்கு பென்டாக்ஸ் கே1000 நல்ல தேர்வு. 1976 முதல் 1997 வரை தயாரானது. பேட்டரி, வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டருக்கு மட்டும்தான். அது தீர்ந்தாலும் படம் எடுக்கலாம். மீட்டருக்குத் தனி சுவிட்ச் இல்லாததால், எடுக்காத நேரத்தில் லென்ஸ் மூடியைப் போட்டு வையுங்கள், இல்லையென்றால் பேட்டரி தீர்ந்துவிடும்.

வாங்கும் முன் லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சென்னை ஈரக் காற்றில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். அப்புறம் பின்மூடியைத் திறந்து 1 நொடி, 1/60, 1/1000 என்று ஷட்டர் வேகத்தை மாற்றி மாற்றி அழுத்துங்கள். சத்தத்தில் வித்தியாசம் தெரிய வேண்டும். மூடி ஓரத்து கறுப்பு ஸ்பாஞ்ச் பிசுபிசுத்தால் மாற்றிவிடுங்கள், வெளிச்சம் கசியும்.

2. ஃபிலிம்

கறுப்பு வெள்ளை, ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைப் பிடிக்கும் திறன்) 400. இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ் அல்லது கோடக் ட்ரை-எக்ஸ். ஒரு காலத்தில் ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலையிலேயே 'இந்து' ஃபிலிம் தயாரானது. அந்த ஆலை மூடியது பெரிய இழப்பு. இன்று வாங்குவதெல்லாம் இறக்குமதி, விலையும் அதிகம்.

ரோலை நிழலில் நின்று மாட்டுங்கள். நுனியைச் சுருளில் செருகி, பற்கள் துளைகளில் பிடித்ததா என்று பார்த்து மூடுங்கள். ரீவைண்ட் குமிழை மெதுவாகத் திருப்பித் தளர்வை எடுத்துவிட்டு லீவரை இழுத்தால், அந்தக் குமிழும் கூடவே சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் ஃபிலிம் நகரவில்லை. இதைப் பார்க்காமல் கிளம்பவே கூடாது.

3. நேரம்

ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான ஷட்டர்கள் மூடியிருக்கும். வேலை நாளில், காலை ஷிஃப்டுக்கு ஆட்கள் போகும் நேரத்தில் பட்டரைவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி நடங்கள். வெயில் சாய்வாக விழும்போதுதான் தகரக் கூரையின் மடிப்பும் சுவரின் சொரசொரப்பும் எடுப்பாகத் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும்.

4. வெளிச்சம்

எஸ்டேட்டில் பெரிய சவால் இதுதான்: தெருவில் கண் கூசும் வெயில், பட்டறைக்குள் இருட்டு.

தெருவுக்கு எளிய கணக்கு உண்டு. ஐஎஸ்ஓ 400 ஃபிலிமுக்கு ஷட்டர் வேகம் 1/500. லென்ஸ் துவார அளவு நல்ல வெயிலில் எஃப் 16, மேகம் மூடினால் எஃப் 8, கட்டட நிழலில் எஃப் 4. மீட்டர் இல்லாமலே இதை நம்பி எடுக்கலாம்.

பட்டறை வாசலில் நின்று லேத்தில் வேலை செய்பவரை எடுக்கும்போது இந்தக் கணக்கு உதவாது. வெயிலும் சேர்ந்து தெரிந்தால் மீட்டர் ஏமாந்து, ஆளைக் கறுப்பு உருவமாக்கிவிடும். எனவே வெயில் எதுவும் ஃபிரேமில் வராதபடி, உள்ளே விவரம் வேண்டிய இருட்டான இடத்தை மட்டும் பார்த்து அளங்கள். எதைக் காட்டினாலும் அதை நடுச் சாம்பல் நிறமாக்குவது மீட்டரின் குணம். அதனால் அளவிலிருந்து ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சம், குறையுங்கள்: 1/30 காட்டினால் 1/60. வாசல் பக்கம் வெளுத்தாலும் பரவாயில்லை, கறுப்பு வெள்ளை நெகட்டிவ் கூடுதல் வெளிச்சத்தை நன்றாகத் தாங்கும். நிழலில் பதியாமல் போனதை எந்த ஸ்கேனராலும் மீட்க முடியாது.

5. ஆட்கள்

ஆளையோ பட்டறையின் உள்பக்கத்தையோ எடுப்பதானால், "அண்ணே, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று முதலில் கேட்டுவிடுங்கள். சில கம்பெனிகளில் படம் எடுக்கவே தடை இருக்கும். செக்யூரிட்டி வேண்டாம் என்றால் சரி என்று நகர்ந்துவிடுங்கள். ஓடும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பவரைக் கேமராவைப் பார்க்கச் சொல்லாதீர்கள். கவனம் சிதறினால் அவர் கைக்கு ஆபத்து.

6. ரோல் முடிந்ததும்

36 படம் முடிந்து லீவர் இறுகினால் பலமாக இழுக்காதீர்கள். கேமராவின் அடியில் உள்ள பட்டனை அழுத்தி, ரீவைண்ட் குமிழை அம்புக்குறிப் பக்கம் சுற்றுங்கள். இறுக்கம் முழுதும் விட்ட பிறகே மூடியைத் திறக்க வேண்டும். எடுத்த ரோலை வெயிலில் நிற்கும் வண்டியின் பெட்டிக்குள் விட்டுவைக்காதீர்கள். சூடு ஃபிலிமைக் கெடுக்கும். லேபில் கொடுக்கும்போது கறுப்பு வெள்ளை என்று ரோலின் மேலேயே எழுதுங்கள். ஸ்கேனோடு நெகட்டிவையும் கேட்டு வாங்குங்கள், சில இடங்களில் கேட்காவிட்டால் தரமாட்டார்கள்.