காலைல செல்ஃப் மட்டும் சுத்துது, வண்டி ஸ்டார்ட் ஆகல: என் அனுபவம்

பத்து சக்கர லாரி, காமன் ரெயில் இன்ஜின் (ரொம்ப ஹை பிரஷர்ல டீசல் அடிக்கிற வகை). நைட் நிறுத்திட்டு காலைல செல்ஃப் அடிச்சா நல்லா சுத்தும் ஆனா பிடிக்காது, ஒருவழியா பிடிச்சிட்டா அன்னிக்கு முழுக்க ஒரு தொந்தரவும் இருக்காது. பேட்டரி மாத்தியாச்சு, டீசல் ஃபில்டர் மாத்தியாச்சு, இன்ஜின் உள்ள டீசல் தெளிக்கிற இன்ஜெக்டர் போயிருக்கும்னு ஒரு மெக்கானிக் பெரிய செலவு வேற சொன்னார்.

கவனிக்க வேண்டியது ரெண்டு விஷயம். செல்ஃப் சுத்தும்போது சைலன்சர்ல புகையே வரல, அப்படின்னா டீசல் உள்ளயே போகல. அடுத்தது, மூக்கு பள்ளத்த பாத்து நிறுத்தின அன்னிக்கு மட்டும் உடனே ஸ்டார்ட் ஆச்சு, அதாவது நைட்ல லைன்ல இருக்கிற டீசல் திரும்ப டேங்க்குக்கே இறங்குது, எங்கயோ காத்து இழுக்குது. வெளிய ஒரு சொட்டு கூட ஒழுகல, ஏன்னா அது பம்ப் உறிஞ்சுற பக்கம், காத்து உள்ள போகுமே தவிர ஓடும்போது டீசல் வெளிய வராது.

டேங்க்ல இருந்து டீசல் இழுக்கிற ஃபீட் பம்ப்புக்கு முன்னாடி கண்ணாடி மாதிரி ட்யூப் ஒண்ணு போட்டு பாத்தா குமிழ் குமிழா வருது. கடைசில வாட்டர் செப்பரேட்டர் (டீசல்ல இருக்கிற தண்ணிய பிரிக்கிறது) கிண்ணத்து ஓ-ரிங், அதாவது ரப்பர் வளையம், தட்டையாகி வெடிச்சிருந்துச்சு, புதுசு போட்டு, காத்த வெளிய விடுற ப்ளீட் ஸ்க்ரூவ லூஸ் பண்ணி, குமிழ் நிக்கிற வரைக்கும் ஹேண்ட் பிரைமர் (டீசல ஏத்துற கை பம்ப்) அடிச்சு, ஸ்க்ரூவ டைட் பண்ணதும் ஒரே செல்ஃப்ல பிடிச்சிருச்சு, அப்பாடா.

பண்றவங்க நியூட்ரல், ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்கு கட்டை வச்சிட்டு பண்ணுங்க. காத்து எடுக்கறேன்னு ஹை பிரஷர் பைப் நட்ட மட்டும் தொடாதீங்க, 1000 பாருக்கு மேல பிரஷர், தோலயே கிழிச்சு உள்ள போயிரும். செல்ஃப விட்டு விட்டு அடிங்க, நடுவுல ஆற விடுங்க, இல்லன்னா மோட்டார் கருகிரும்.