பழைய ஜாஸ் பாக்ஸ் செட் வாங்குறீங்களா, முதல்ல ஸ்பாஞ்ச பாருங்க

80கள், 90கள்ல வந்த சிடி பாக்ஸ் செட் (பல சிடி ஒரே பெட்டில வர்றது) செகண்ட் ஹேண்ட்ல கெடச்சா உள்ள டிஸ்க் மேல மெல்லிசா ஸ்பாஞ்ச் ஷீட் இருக்கான்னு பாருங்க, இருந்தா உடனே தூக்கிப் போடுங்க, வருஷம் ஆக ஆக அது பிசுபிசுன்னு ஒட்டி லேபிள் பக்கத்த அரிச்சிடும். மொசைக்ங்கிற ஜாஸ் கம்பெனி போடுற மாதிரி லிமிடெட் எடிஷன் செட்டுன்னா புக்லெட் இல்லாம விலையே பேசாதீங்க, எந்த ரெக்கார்டிங் செஷன்ல யார் வாசிச்சாங்கன்னு அதுலதான் இருக்கும்.

நான் முதல்ல வாங்குனது பியானோ கலைஞர் பில் எவன்ஸோட மூணு பேர் குழு (ட்ரியோ) நியூயார்க் வில்லேஜ் வான்கார்ட் ஜாஸ் கிளப்ல வாசிச்ச செட், 1961 ஜூன் 25 ஒரே நாள்ல பதிவானது, மூணே சிடி, முதல் பாட்டு நடுவுல கரண்ட் போனது கூட அப்படியே கேக்கும் (அந்த எடத்துக்காகவே திரும்பத் திரும்பப் போடுவேன்). புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு இந்த சைஸ் போதும், எடுத்த எடுப்புலயே பெரிய செட்டுக்குப் போனா ஒரே பாட்டு டேக் டேக்கா (திரும்பத் திரும்ப வாசிச்சுப் பதிவு பண்ணது எல்லாமே) வந்து சலிச்சுடும்.