படகு ஃப்ரிட்ஜ் குளிரவில்லையா? கேஸ் நிரப்பும் முன் இதையெல்லாம் பாருங்கள்

படகில் இருக்கும் 12 வோல்ட் ஃப்ரிட்ஜ் மக்கர் பண்ணினால், பலரும் முதலில் சொல்வது "கேஸ் போயிருக்கும்". உடனே ஆளைக் கூப்பிட்டு கேஸ் ஏற்றுவார்கள். கோளாறு வயரில் இருந்திருந்தால், அந்தக் கூடுதல் கேஸே புதுக் கோளாறு. அதனால் அளந்து பார்க்காமல் யாரையும் கேஸ் குழாயைத் தொட விடாதீர்கள். ஒரு மல்டிமீட்டரும் ஒரு சின்ன எல்.இ.டி.யும் இருந்தால் பாதிச் சோதனையை நீங்களே செய்யலாம்.

படகு ஃப்ரிட்ஜ்களில் எந்தக் கம்பெனிப் பெயர் ஒட்டியிருந்தாலும், உள்ளே பெரும்பாலும் இருப்பது டான்ஃபாஸ் பி.டி.35 அல்லது பி.டி.50 கம்ப்ரசர்தான். இப்போது அது செக்கோப் என்ற பெயரில் வருகிறது. கறுப்பு உருண்டையின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் பெட்டி, அதை இயக்கும் எலக்ட்ரானிக் மாட்யூல். கீழே சொல்வதெல்லாம் இந்த வகைக்கு.

1. ஓடும்போது வோல்ட் எவ்வளவு?

இதில் அவசரப்படாதீர்கள். ஃப்ரிட்ஜ் நின்றிருக்கும்போது அளந்தால் எந்த வயரும் நல்ல வயர் மாதிரிதான் காட்டும். மீட்டர் முனைகளை மாட்யூலின் பிளஸ், மைனஸ் முனைகளிலேயே வைத்துக்கொண்டு, தெர்மோஸ்டாட்டைத் திருகி ஃப்ரிட்ஜை ஓட விடுங்கள். ஃபேன் சுற்றும், கம்ப்ரசர் ஒரு முனகல் முனகும், மீட்டரில் 12.5 சட்டென்று 10-க்குச் சரியும், எல்லாம் நின்றுவிடும். ஒரு நிமிடம் கழித்து மறுபடியும் அதே கதை. இப்படி நடந்தால் வோல்ட் போதவில்லை என்று அர்த்தம். மாட்யூலின் வழக்கமான அமைப்பில் 10.4 வோல்ட்டுக்குக் கீழே போனால் அது கம்ப்ரசரை நிறுத்திவிடும், 11.7 வந்தால்தான் மறுபடி விடும்.

அதே நேரத்தில் பேட்டரி முனையிலும் அளந்து பாருங்கள். அங்கேயும் சரிந்தால் பேட்டரி பலவீனம். அங்கே 12.4 நிற்க, மாட்யூலில் மட்டும் 10 என்றால், நடுவில் எங்கோ வோல்ட் தொலைகிறது. ஃபியூஸ் பிடிப்பான், சுவிட்ச், வயர் இணைப்பு என ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். உப்புக் காற்றில் செம்பு பச்சையாகக் களிம்பேறியிருக்கும். வெளியே பளபளப்பாகத் தெரியும் இணைப்பைக்கூட இழுத்துப் பாருங்கள். உள்ளே வயர் கறுத்து, கையோடு வந்துவிடும். அந்த இடத்தைச் சுரண்டி மாட்டாமல், வெட்டி எறிந்துவிட்டுப் புது முனை போடுங்கள்.

வயரின் பருமனும் முக்கியம். 12 வோல்ட்டுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் 2.5 மீட்டர் தூரம் வரைதான் தாங்கும். 4 மீட்டருக்கு 4, 6 மீட்டருக்கு 6. ஃபியூஸ் 15 ஆம்பியர். இந்த வயரில் விளக்கு, பம்ப் எதையும் சேர்த்து மாட்டாதீர்கள்.

கரையில் சார்ஜர் ஓடும்போது ஒழுங்காக இருந்து, நங்கூரம் போட்ட இரவில் மட்டும் நின்றுபோகும் ஃப்ரிட்ஜ் என்றால், சந்தேகமே வேண்டாம், இந்தப் படியிலேயே நில்லுங்கள்.

2. மாட்யூலையே கேளுங்கள்

வோல்ட் சரிதான், ஆனாலும் ஓடவில்லையா? மின்சாரத்தை நிறுத்திவிட்டு, 10 மில்லி ஆம்பியர் எல்.இ.டி. ஒன்றின் நீண்ட காலை மாட்யூலில் ஃபேன் மாட்டும் பிளஸ் முனையிலும், குட்டைக் காலை "D" முனையிலும் மாட்டி, மறுபடி ஆன் செய்யுங்கள். கோளாறு இருந்தால் 4 விநாடிக்கு ஒரு முறை அது மினுக்கும். எத்தனை மினுக்கல் என்று எண்ணுங்கள்.

ஒன்று: வோல்ட் பிரச்சினை. முதல் படிக்கே திரும்புங்கள்.
இரண்டு: ஃபேன் அதிக மின்சாரம் இழுக்கிறது. ஃபேன் வயரைக் கழற்றிப் பாருங்கள், கம்ப்ரசர் ஓடினால் ஃபேனை மாற்றினால் போதும். படகு 24 வோல்ட்டாக இருந்தாலும் இந்த ஃபேன் 12 வோல்ட்தான்.
மூன்று: மோட்டார் கிளம்பவில்லை. இப்போதுதான் நின்றது என்றால் உள்ளே அழுத்தம் சமமாகியிருக்காது. கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள்.
நான்கு: குறைந்தபட்ச வேகத்தில்கூட ஓட முடியவில்லை.
ஐந்து: மாட்யூல் சூடேறிவிட்டது. சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சரில் தூசி, காற்றோட்டம் இல்லாத அலமாரி, அதன் மேல் அடைத்த பைகள். லங்காவி மாதிரி கடல் நீரே வெதுவெதுப்பாக இருக்கும் இடங்களில் இது அடிக்கடி நடக்கும்.

3. எல்.இ.டி. எதுவும் சொல்லவில்லை என்றால்

தெர்மோஸ்டாட் வயர்கள் மாட்டியிருக்கும் "C", "T" முனைகளை ஒரு துண்டு வயரால் இணையுங்கள். அரை நிமிடத்துக்குள் ஓடினால் கோளாறு தெர்மோஸ்டாட்டிலோ அதன் வயரிலோதான். அப்புறமும் அசையவில்லை என்றால், மின்சாரத்தை நிறுத்தி, மாட்யூலிலிருந்து கம்ப்ரசருக்குப் போகும் மூன்று முனை பிளக்கை உருவி, முனைகளை இரண்டிரண்டாக ஓம் அளந்து பாருங்கள். மூன்று அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருந்து, கம்ப்ரசர் உடலோடு எந்த முனையும் தொடர்பு காட்டாவிட்டால் உள்ளே இருக்கும் மோட்டாரின் சுருள் நன்றாக இருக்கிறது. அப்போது மாட்யூலை மட்டும் மாற்றிப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். ஒரே ஒரு திருகுதான், கேஸைத் தொடவே வேண்டாம்.

4. ஓடுகிறது, ஆனால் குளிர் இல்லை

கேஸை இப்போது சந்தேகப்படலாம். அரை மணி நேரம் ஓடிய பிறகு உள்ளே இருக்கும் எவாப்பரேட்டர் தகட்டைப் பாருங்கள். தகடு முழுக்கப் பனி படிந்தால் கேஸ் சரி. கதவு ரப்பரையும் பெட்டியின் காப்பையும் பாருங்கள். குழாய் நுழையும் மூலையில் மட்டும் ஒரு திட்டுப் பனி என்றால் கேஸ் குறைவு. கம்ப்ரசருக்குத் திரும்பும் குழாய் வரை பனி ஏறியிருந்தால் யாரோ கேஸை அதிகமாக ஏற்றிவிட்டார்கள்.

கேஸ் தானாகக் குறையாது. வருபவரிடம் முதலில் கசிவைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், சோப்புத் தண்ணீரோடு இணைப்புகளைத் தடவிப் பார்க்கட்டும். கசிவை அடைத்த பிறகு, ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் தகட்டில் கிராம் கணக்கில் எழுதியுள்ள அளவை எடை போட்டு நிரப்பச் சொல்லுங்கள்.